நாளுக்கு முப்பது வண்டி போகும் சாலைக்குச் செலவு செய்வது தகுமா?

ஆடிக் கூழ் ஊற்றி முடித்து, கோயில் பின்கட்டில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஸ்டேங்கருக்கு மேற்கே மலைச்சரிவில் கரும்பு போட்டிருக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "அண்ணே, எங்கள் சாலையில் ஒரு நாளைக்கு முப்பது வண்டி போனால் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை, சாலையைச் சமன் செய்யும் கிரேடர் இயந்திரம் வந்து சுரண்டிவிட்டுப் போகிறது. ரெண்டு மழை பெய்தால் பழையபடி ஆகிவிடுகிறது. தார் போடச் சொன்னால், வண்டி எண்ணிக்கை போதாது என்கிறார்கள். அந்தக் கணக்கு சரியா? சரி என்றால் எங்கள் ஊருக்கு விடிவே கிடையாதா?"

ஈரக் கையோடு நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை இது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்துச் சரளைச் சாலைகளோடு கிடந்தவன் நான். அதனால் தம்பிக்கும், அதே கேள்வி மனதில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வண்டிக் கணக்கு. சாலைப் பொருளாதாரத்தில் நன்மை என்று பெரும்பாலும் எண்ணப்படுவது, சாலை நன்றாக இருந்தால் வண்டிக்காரருக்கு மிச்சமாகும் டீசல், டயர், ஸ்பிரிங், நேரம் ஆகியவைதான். உதாரணத்துக்கு, சாலை சீராக இருந்தால் ஒரு வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 2 ரேண்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 வண்டி போனால் வருஷத்துக்கு 2,19,000 ரேண்ட் மிச்சம். 30 வண்டி என்றால் 21,900. ஆனால் அந்தக் கிலோமீட்டரை நல்ல நிலையில் வைக்க ஆகும் செலவு பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை. மழை எல்லாச் சாலையிலும் ஒரேபோலத்தான் பெய்கிறது. வாய்க்காலும், சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் மதகும் அதே அளவில்தான் வேண்டும்.

இதனால்தான் நாளுக்கு 200, 300 வண்டிக்குக் குறைந்தால் தார் கட்டுப்படியாகாது என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். 2003இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பிராந்திய நாடுகளின் கூட்டமைப்பான சாடெக், குறைந்த போக்குவரத்துத் தார்ச் சாலைகளுக்கென ஒரு கையேடு வெளியிட்டது. அருகில் கிடைக்கும் மண்ணையும் கல்லையும் வைத்து மெல்லிய தார்ப்பூச்சு போட்டால், 100 வண்டிக்குக் கீழேயும் கட்டுப்படியாகும் என்று அது காட்டியது. பெரிய மாற்றம்தான். ஆனாலும் 30 வண்டிச் சாலை அந்தக் கோட்டுக்கும் கீழேதான் நிற்கிறது. அதனால் தம்பி, உங்களிடம் சொன்ன அதிகாரி பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் சில வரவுகள் எழுதப்படவே இல்லை, அவ்வளவுதான்.

எழுதப்படாத முதல் வரவு, வண்டியில் போகாதவர்கள். உங்கள் சாலையில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், டாக்ஸி பிடிக்க நடக்கும் பெண்கள், ஓய்வூதியம் வாங்கப் போகும் கிழவிகள். முப்பது வண்டிச் சாலையில் முந்நூறு பேர் நடப்பார்கள். வண்டி எண்ணும் படிவத்தில் இவர்களுக்குக் கட்டமே கிடையாது.

இரண்டாவது, சாலை அறுந்துபோகும் நாட்கள். கணக்கு எழுதுகிறவர்கள் மோசமான சாலை என்றால் வண்டி மெதுவாகப் போகும் சாலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிராமத்தில் மோசமான சாலை என்றால் மழை நாட்களில் வண்டியே போகாத சாலை. நம் பக்கம் கரும்பு அரவை ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. மழை அக்டோபரில் பிடித்துவிடுகிறது. கடைசி மூன்று மாதம் அறுவடையும் மழையும் மோதிக்கொள்ளும். எரித்து வெட்டிய கரும்பு ஏற்றுமிடத்தில் கிடக்கக் கிடக்கச் சர்க்கரை இறங்கும். ஆலை உங்களுக்குக் கொடுக்கும் பணம் எடைக்கு மட்டும் அல்ல. அதில் எடுக்கக்கூடிய சர்க்கரை எவ்வளவு என்ற ஆர்.வி. கணக்குக்குத்தான். நாலு நாள் லாரி ஏற முடியாமல் போனால் அந்த நஷ்டம் உங்கள் பட்டியலில் விழும். சாலைத் துறையின் கோப்பில் விழாது. பிரசவ வலி எடுத்தவளை ஆம்புலன்ஸ் வராத இடத்திலிருந்து பக்கியில் (பின்னால் திறந்த சின்னச் சுமை வண்டியில்) ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தக் கட்டத்தில் எத்தனை ரேண்ட் எழுதுவது?

இந்தக் குறை உலக வங்கிக்காரர்களுக்கும் உறைத்துத்தான் 2006இல் ஊரக அணுகல் குறியீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லாப் பருவத்திலும் வண்டி போகக்கூடிய ஒரு சாலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் கிராமத்து மக்களில் எத்தனை சதவீதம் பேர் வசிக்கிறார்கள் என்பதே அது. வண்டியை எண்ணாமல் ஆளை எண்ணுகிற கணக்கு. அதில் 'தார்ச் சாலை' என்ற சொல் இல்லை. எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலை என்றுதான் இருக்கிறது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

ஏனென்றால் தார் கேட்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தாரை எட்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை மேற்பூச்சு போட்டுக் காப்பாற்ற வேண்டும். விரிசலில் தண்ணீர் இறங்குமுன் அடைக்க வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் தார் போட்டால் ஏழாவது வருஷம் குழி விழும், பத்தாவது வருஷம் தாரும் இல்லாமல் சரளையும் இல்லாமல் நிற்கும். கெட்டுப்போன சரளைச் சாலையைக் கிரேடர் ஒரே நாளில் சீராக்கும். கெட்டுப்போன தார்ச் சாலையில் கிரேடரின் கத்தி இறங்காது. பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று வருஷம் கவனிக்காமல் விட்டால் பழுதுச் செலவு ஆறு மடங்கு, ஐந்து வருஷம் விட்டால் பதினெட்டு மடங்கு என்று தேசிய நெடுஞ்சாலை நிறுவனமான சான்ரால் பல காலமாகச் சொல்லி வருகிறது. நல்ல பணபலம் உள்ள நிறுவனமே அந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறது என்றால், நம் மாகாணத்தின் டி என்ற மாவட்டச் சாலையும் எல் என்ற உள்ளூர்ச் சாலையும் எம்மாத்திரம்?

சரி, சரளைச் சாலை எதனால் கெடுகிறது? பெரிய சாலையை வண்டி கெடுக்கிறது. சின்னச் சாலையைத் தண்ணீர் கெடுக்கிறது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். சாலையின் நடுப்பகுதி ஆமை முதுகு மாதிரி உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். விழுந்த மழை உடனே ஓர வாய்க்காலுக்குப் போக வேண்டும். வாய்க்காலிலிருந்து மதகு வழியாகவோ பக்கத்துச் சரிவுக்கோ போய்விட வேண்டும். இந்தப் பாதையில் எங்கே ஒரு இடத்தில் அடைத்தாலும் தண்ணீர் சாலையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அப்புறம் முப்பது வண்டி போனால் என்ன, மூன்று வண்டி போனால் என்ன.

இதில் காசு எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். சரளைச் சாலை வருஷத்துக்கு 10 முதல் 30 மில்லிமீட்டர் வரை தேயும். நடுவில் 20 என்று எடுத்துக்கொள்வோம். அகலம் ஐந்தரை மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டரில் வருஷத்துக்கு 110 கன மீட்டர் சரளை காணாமல் போகிறது. பத்து கன மீட்டர் டிப்பரில் பதினோரு லோடு. கொஞ்சம் வாய்க்காலுக்குப் போகிறது. நைசான மண் தூசியாகிக் கரும்புத் தோகைமேல் படிகிறது. அந்த நைசான மண்தான் கல்லைக் கல்லோடு பிடித்துவைக்கும் பசை. அது போனால் கல் உருளும், தகரக் கூரை மாதிரி வரிவரியாகச் சாலை எழும்பும், உங்கள் பக்கியின் போல்ட் எல்லாம் கழன்று விழும். 150 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்ட சரளையில் 100 போய்விட்டால் மறுபடி போட்டே ஆக வேண்டும். இந்த வேகத்தில் ஐந்து வருஷம். அதற்குள் அருகிலுள்ள சரளைக் குழி தீர்ந்துபோயிருக்கும். அடுத்த குழி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் டிப்பர் வாடகை சரளையின் விலையைத் தாண்டிவிடும். சரளையும் தோண்டித் தீரும் பொருள்தான் என்பதை நம் திட்டங்களில் யாரும் நினைப்பதில்லை.

கிரேடரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மழை பெய்து மண் பதமாக இருக்கும்போது ஓட்டினால்தான் அது சாலைக்கு மருந்து. காய்ந்த ஜூலையில் ஓட்டினால் இறுகியிருக்கும் மேல்தோலை உரித்துத் தூசியாக்கிவிட்டுப் போகும். அட்டவணையில் ஜூலை என்று போட்டிருந்தால் ஜூலையில்தான் வருவார்கள். உங்கள் சாலை ரெண்டு மழையில் பழையபடி ஆவதற்குப் பாதிக் காரணம் இது என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதி வாய்க்கால்.

என் வேலைக்காலத்தில் நடந்த ஒன்று. ஒரு எல் சாலையில் 600 மில்லிமீட்டர் குழாய் மதகு. மேல்புற வாயில் கரும்புத் தோகையும் ஒரு பிளாஸ்டிக் கேனும் அடைத்துக் கிடந்தன. நான் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், நோட்டில் எழுதினேன், மேலே அனுப்பினேன். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை. ஆனால் அந்த அரை நாள் வேலைக்கு உத்தரவு போட பட்ஜெட்டில் ஒரு தலைப்பு இல்லை; ஒப்பந்தம் என்று போனால் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இருந்தது. நவம்பரில் ஒரு ராத்திரி மழையில் தண்ணீர் மதகுக்கு மேலே ஏறி, குழாயோடு பன்னிரண்டு மீட்டர் சாலையைக் கொண்டுபோய்விட்டது. மூன்று வாரம் பள்ளி வண்டி வரவில்லை. அந்த மதகைத் திரும்பக் கட்ட மட்டும் தலைப்பு இருந்தது, பணமும் இருந்தது. அந்த மண்வெட்டியை நானே எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

அந்த அரை நாள் வேலைக்கு ஒரு ஆளை நிரந்தரமாக வைத்தால் என்ன என்று யோசித்தவர்கள் நம் மாகாணத்திலேயே இருந்தார்கள். 2000இல், ஸ்பு என்டெபேலே மாகாணப் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, ஜிபாம்பெலே என்ற திட்டம் தொடங்கியது. நமக்கு நாமே செய்துகொள்வோம் என்பது போல ஒரு சூலுச் சொல். கென்யாவில் சாலையோரக் குடும்பத்துக்கு ஒரு துண்டுச் சாலையை ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. அதை இங்கே கொண்டுவந்தார்கள். ஊரிலேயே மிக ஏழையான குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ ஒரு துண்டு. மாதம் 60 மணி நேர வேலை. வாய்க்கால் தூர் எடுப்பது, மதகு வாயைச் சுத்தம் செய்வது, புல் வெட்டுவது, சின்னக் குழிகளை மூடுவது. மண்வெட்டி, கோடாலி, தள்ளுவண்டி எல்லாம் துறை கொடுக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒப்பந்தம் ஆளோடு அல்ல, வீட்டோடு. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மகள் போவாள்; வருமானம் நிற்காது. எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு ஆளை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஒரு விதி எத்தனை வீட்டில் அடுப்பை எரிய வைத்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களே சேமிப்புச் சங்கங்களாகவும் சேர்ந்தார்கள். பின்னாட்களில் திட்டம் பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது.

பொருளாதாரமாகவும் இது எளிமையாக நிற்கிறது. சாலைக்குப் போகும் ரேண்ட் டீசலாகவும் இயந்திர உதிரிப்பாகமாகவும் வெளியே போகாமல் அதே பள்ளத்தாக்கில் மாவும் பள்ளிச் சீருடையுமாகச் சுற்றுகிறது. மழை ஆரம்பித்த அடுத்த மணி நேரத்தில் மதகு வாயில் ஒரு ஆள் நிற்கிறாள். இதைக் கிரேடரால் செய்ய முடியாது. அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிப்போவாலும் முடியாது.

குறை இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப ஆண்டுகளில் மாதக் கூலி 300 ரேண்டைச் சற்றுத் தாண்டியதுதான். பசியைக் குறைத்தது, வறுமையை நீக்கவில்லை. சில இடங்களில் இதை உதவித்தொகையாக மட்டும் பார்த்தார்கள். ஆறு மாதம் மேற்பார்வையாளர் எட்டியே பார்க்காத துண்டுகள் உண்டு. மண்வெட்டியால் ஆமை முதுகை வளைத்துவிடவும் முடியாது. அதற்குக் கிரேடர் வேண்டும், ஐந்து ஆறு வருஷத்துக்கு ஒருமுறை புதுச் சரளை வேண்டும். கைவேலை இருந்தால் இயந்திரம் வேண்டாம் என்று பட்ஜெட்டைக் குறைத்த இடங்களில் இரண்டும் வீணானது. கைவேலை இயந்திர வேலையின் ஆயுளை நீட்டும். அதன் இடத்தை நிரப்பாது.

நம்மவர்களில் சிலர் உடனே குடிமராமத்தை ஞாபகப்படுத்துவார்கள்: ஊரே சேர்ந்து கண்மாய் வெட்டியதே, கூலி எதற்கு என்று. அந்த ஞாபகத்தில் பாதிதான் உண்மை. கண்மாய்க்கு ஆள் வராததால்தான் 1858இல் மதராஸில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால் நிலம் உள்ளவனுக்கு நெல். நிலம் இல்லாதவனுக்கு மண் சுமந்த முதுகு. நேட்டால் கரும்புக் காட்டுக்கு நம் முன்னோர் கப்பல் ஏறிய கதை தெரிந்த நாம், இன்னொருத்தியின் உழைப்பை இலவசமாகக் கேட்கக் கூடாது. சாலையால் கரும்பு விவசாயிக்கு லாபம். வாய்க்கால் வெட்டுகிறவளுக்குக் கரும்பு கிடையாது. கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

பணம் எங்கே தடுக்கிறது? புதுச் சாலைக்கு ரிப்பன் வெட்டலாம்; தூர் எடுத்த வாய்க்காலுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. இது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை, ஆப்பிரிக்காவில் முந்தைய பத்தாண்டில் 1,200 கோடி டாலரைக் காலத்தில் பராமரிப்புக்குச் செலவழித்திருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும் என்றது. தென்னாப்பிரிக்காவில் எரிபொருள் தீர்வை சாலைக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட காலம் 1980களோடு முடிந்தது. இன்றைக்கு பொதுக் கஜானாவுக்குப் போய், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போட்டியிட்டுத்தான் திரும்பி வர வேண்டும். மாகாணங்களுக்குச் சாலைப் பராமரிப்பு மானியம் என்று ஒன்று தனியாக வருகிறது. நகராட்சிகளுக்கு வரும் உள்கட்டமைப்பு மானியமோ பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கே. கட்டிய பிறகு பராமரிக்க நகராட்சியின் சொந்த வருமானம் வேண்டும். கிராமப்புற நகராட்சியில் வரி கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? நாட்டில் சுமார் 7,50,000 கிலோமீட்டர் சாலை. ஐந்தில் ஒரு பங்குதான் தார். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் எந்தப் பதிவேட்டிலும் முறையாக ஏறாத சாலைகள். பதிவேட்டில் இல்லாத சாலைக்கு எந்தச் சூத்திரத்திலும் பணம் வராது.

அதனால் தம்பி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது உங்கள் சாலைக்கு டி எண்ணோ எல் எண்ணோ இருக்கிறதா, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்று பார்ப்பது. கடைசி இரண்டு கிலோமீட்டர் பதிவில் இல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, முழுச் சாலைக்கும் எதையும் கேட்காதீர்கள். எட்டு கிலோமீட்டரில் உங்களை உண்மையில் மறிப்பது எத்தனை மீட்டர்? அந்தச் செங்குத்து ஏற்றம், ஓடை குறுக்கே வரும் இடம், யூக்கலிப்டஸ் தோப்புக்குப் பக்கத்துச் சேறு. எல்லாம் சேர்த்து அறுநூறு மீட்டர் இருக்குமா? ஏற்றத்தில் சக்கரம் ஓடும் தடத்துக்கு மட்டும் இரண்டு காங்கிரீட் பட்டை போட்டால் போதும். அங்கே சரளை எப்படியும் நிற்காது. ஓடையில் பாலம் வேண்டாம், தரைப்பாலம் போதும். வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும், நாலு மணி நேரம் காத்திருந்து கடக்கலாம். இந்த மாகாணத்துக்கு அது பழகிய விஷயம்தான்: ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற புகழ்பெற்ற ஊர்ப்பெயரில் உள்ள டிரிஃப்ட் என்பதே ஆற்றை இறங்கிக் கடக்கும் துறைதான். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, உயர்த்திக் கட்டிய சின்ன மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட சாலைகளில், தாழ்வாக இருந்த தரைப்பாலங்கள் சேற்றை வழித்ததும் மறுநாள் வண்டி விட்டதை நானே பார்த்தேன். இந்த அறுநூறு மீட்டரைச் சரிசெய்தால் உங்கள் சாலை எல்லாப் பருவச் சாலை ஆகிவிடும். நகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டக் கூட்டத்தில், "எட்டு கிலோமீட்டர் தார்" என்று எழுதாமல் "இந்த மூன்று இடம்" என்று படத்தோடு எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகைக்கு இடம் கிடைக்கும்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. உங்கள் சாலையை மிக அதிகமாக நசுக்குவது உங்கள் கரும்பு லாரிதான். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ என்ற சாலைச் சோதனையில் கண்டது: அச்சுப்பாரம், அதாவது வண்டியின் ஒரு அச்சு சாலைமேல் இறக்கும் எடை, இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. தார்ச் சாலைக்கான கணக்கு அது. ஈரச் சரளையில் நிலைமை இன்னும் மோசம் என்றே என் அனுபவம். கனமழைக்குப் பின் ஒன்றரை நாள் லாரியை நிறுத்துவோம், ட்ரெய்லரில் அளவோடு ஏற்றுவோம் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால், ஒரு ரேண்ட்கூடச் செலவில்லாமல் சாலைக்கு ஒரு வருஷ ஆயுள் கூடும். மழை விட்ட பதத்தில், துறையிடம் கேட்டுக்கொண்டு, பழைய லாரி டயர்களைச் சங்கிலியில் கட்டி டிராக்டரால் இழுத்தால் வரிவரி மேடுகள் ஆரம்பத்திலேயே அடங்கும்.

தமிழ்நாட்டில் உறவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 டிசம்பரில் இந்தியாவில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதி, அவர் மோசமாகப் போட்டால் அவர் கையைத்தான் கடிக்கும். நம் காங்கிரீட் பட்டைக்கும் தரைப்பாலத்துக்கும் இதே நிபந்தனையைக் கேட்கலாம். ஆனால் ஆறாவது வருஷம் யார் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து ஒரே பதில், மதகுக்குப் பக்கத்து வீட்டில் மண்வெட்டியோடு மாதச் சம்பளத்தில் இருக்கும் அந்தப் பெண்தான்.

இப்போது ஆகஸ்ட். மழைக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலையில் நான் வருகிறேன், தம்பி. வண்டியை மேலேயே விட்டுவிட்டு எட்டு கிலோமீட்டரையும் நடந்தே இறங்குவோம். உங்கள் பகுதி ஜிபாம்பெலே பெண்களையும் வரச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு நோட்டும், மதகு எண்களைக் குறிக்கக் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்டும் எடுத்து வையுங்கள். மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.